துர்துக்: கடைசியாக்கப்பட்ட ஊர்

லேயிலிருந்து துர்துக் போகிறவர்கள் முதலில் ஏற வேண்டும். பிறகு வழியெல்லாம் இறக்கம்தான். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரை விட்டு வடக்கே கிளம்பும் சாலை, 5,300 மீட்டருக்கும் மேலே உள்ள கர்துங் லா கணவாயைத் தொட்டுவிட்டு மறுபுறம் நூப்ராப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கணவாயில் காற்று மெலிந்து தலை கனக்கும். படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் வண்டியில் ஏறுங்கள் என்று ஓட்டுநர்கள் அவசரப்படுத்துவார்கள். கீழே இறங்கியதும் ஷையோக் ஆறு சாலையோடு சேர்ந்துகொள்கிறது. திஸ்கித்தில் மலைமேல் மடாலயம், ஹுந்தரில் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும். சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதவர்களை அதே ஆறு மேற்கே கூட்டிப்போகிறது. புல் முளைக்காத மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன, ராணுவ முகாம்களும் சோதனைச்சாவடிகளும் அடிக்கடி குறுக்கிடுகின்றன. போக்தாங், சலுங்கா என்று ஊர்கள் கடந்து போக, லேயிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில், ஆற்றங்கரைக்கு மேலே ஒரு பச்சைத் திட்டு தெரிகிறது. அதுதான் துர்துக். உயரம் கிட்டத்தட்ட 3,000 மீட்டர். லேயைவிடத் தாழ்வு, அதனால் லேயைவிட வெதுவெதுப்பு. ஆப்ரிகாட் மரமும் வாதுமை மரமும் நிழல் தரும் சந்துகள், சந்தோரம் ஓடும் வாய்க்கால், கல்லை அடுக்கிக் கட்டிய வீடுகள். பார்லி அறுத்த வயலில் அதே கோடையில் பக்வீட் விதைத்து இரண்டாம் போகமும் எடுக்க முடிகிற ஊர். லடாக்கில் இது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரானாலும் இரண்டு தொடர்களைத் தவறாமல் எழுதுவார்கள். ஒன்று, "இந்தியாவின் கடைசி கிராமம்." இன்னொன்று, "ஒரே இரவில் நாடு மாறிய ஊர்." இரண்டாவதில் பெரும்பகுதி உண்மை இருக்கிறது. முதலாவதில்தான் பிசகு. "கடைசி" என்ற சொல் ஊரின் இயல்பைச் சொல்வதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. எல்லையோர ஊர்களைக் கடைசி கிராமங்கள் என்று சொல்லாமல் முதல் கிராமங்கள் என்று சொல்ல வேண்டும் என்று 2022 அக்டோபரில் உத்தராகண்டின் மாணாவில் பிரதமர் மோடி பேசினார். நல்லெண்ணம்தான். ஆனால் வரிசையைப் பின்னாலிருந்து எண்ணினாலும் முன்னாலிருந்து எண்ணினாலும், ஊர் ஓரத்தில் இருக்கிறது என்ற எண்ணம் அப்படியே நிற்கிறது. துர்துக் ஓரத்து ஊராகப் பிறக்கவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் நடுவழியில் இருந்த ஊர் அது. கோடு போட்டு அதைக் கடைசியாக்கினார்கள். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், சர்ச்சைக்குரிய நிலம் என்று நாம் பொதுவாகச் சொல்வது அங்கே வாழ்கிறவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதும், இறையாண்மைச் சிக்கல் தீராமலேயே அதில் எதைத் தீர்க்கலாம் என்பதும் புலப்படும்.

முதல் சாட்சி ஆறு. ரிமோ பனியாற்றுப் பக்கம் பிறக்கும் ஷையோக், முதலில் தென்கிழக்கே ஓடி, பிறகு கூர்மையாக வளைந்து வடமேற்கே திரும்பி, நூப்ரா ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, துர்துக்கைக் கடந்து, பாகிஸ்தான் வசமுள்ள பால்டிஸ்தானுக்குள் போகிறது. அங்கே கப்லு நகரின் அருகே ஓடி, கேரிஸ் என்ற இடத்தில் சிந்துவோடு கலக்கிறது. லேயிலிருந்து துர்துக் வர ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட கணவாயைத் தாண்டியாக வேண்டும். பனிக்காலத்தில் அது பெரும்பாடு. கப்லுவிலிருந்து துர்துக் வருவதற்குக் கணவாயே கிடையாது. ஆற்றை எதிர்த்துக் கரையோரமாக வந்தால் போதும். மலைநாட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது, கணவாய்களில்தான் அளக்க வேண்டும். அந்தக் கணக்கில் துர்துக்குக்குப் பக்கத்து நகரம் கப்லுதான், லே எட்டாத ஊர். பழைய வணிகமும் இதையே காட்டுகிறது. பால்டிஸ்தானில் விளைந்து காய்ந்த ஆப்ரிகாட், மேலே லடாக்குக்கு ஏறும்; மேலேயிருந்து கம்பளியும் உப்பும் கீழே இறங்கும். இரண்டு திசையிலும் சுமை போகிற வழியில் இருக்கும் ஊரைக் கடைசி ஊர் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது சாட்சி மொழியும் சமயமும். துர்துக்காரர்கள் பால்டிகள். பேசுவது பால்டி, திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்தில் மட்டும் தங்கி லாசாவின் பேச்சில் உதிர்ந்துபோன மெய்யெழுத்துக் கூட்டங்கள் பல இன்னும் பால்டிகளின் வாயில் உயிரோடு இருக்கின்றன. ஏழு என்ற எண்ணை லாசாவில் "துன்" என்பார்கள், பால்டியில் அது "ப்துன்." பழைய எழுத்துக்கூட்டலில் முன்னால் நிற்கும் அந்த ஒற்றை, புத்த மடாலயங்கள் நிறைந்த திபெத்தின் தலைநகரம் இழந்துவிட, மசூதிகள் நிறைந்த பால்டிஸ்தான் காத்து வைத்திருக்கிறது. ஊரில் பலர் நூர்பக்‌ஷி என்னும் சூஃபி வழியைச் சேர்ந்தவர்கள். அந்த வழியினர் மிகுதியாக வாழ்வது கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால், கப்லு வட்டாரத்தில். கப்லுவை ஆண்ட யப்கோ அரசகுலத்தின் ஒரு கிளையினர் வாழ்ந்த பழைய மாளிகை துர்துக்கில் இன்னும் நிற்கிறது. யப்கோ என்பது துருக்கியப் பட்டப்பெயர். மத்திய ஆசியாவிலிருந்து வந்த வழி அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேசர் மன்னனின் காவியத்தைக் கிழக்கே லடாக்கின் பௌத்தர்களும் பாடுவார்கள், மேற்கே பால்டி முஸ்லிம்களும் பாடுவார்கள். இவற்றையெல்லாம் அருங்காட்சியகப் பொருள்போல அடுக்கிப் பார்த்து வியப்பது பயணக் கட்டுரைகளின் வழக்கம். சேர்த்துப் பார்த்தால் தெரிவது ஒரு சந்திப்பு நிலம். திபெத்தும் துருக்கியும் பாரசீகமும் வந்து கலக்கிற இடம் எதன் ஓரமாக இருக்க முடியும்?

அப்படியானால் ஓரம் எப்போது வந்தது? 1840-ல் டோக்ரா தளபதி சோராவர் சிங் பால்டிஸ்தானைப் பிடித்த பிறகு, லே, கார்கில், ஸ்கர்து மூன்றும் டோக்ரா ஆட்சியில் ஒரே நிர்வாகத்தின் மூன்று தாலுகாக்களாக இருந்தன. 1947-48 இந்திய-பாகிஸ்தான் போரில் ஸ்கர்து நீண்ட முற்றுகைக்குப் பின் 1948 ஆகஸ்டில் பாகிஸ்தான் தரப்பிடம் வீழ்ந்தது. 1949 ஜூலையில் கராச்சியில் இரு நாட்டுப் படைத் தரப்பினரும் போர்நிறுத்தக் கோட்டை எழுதி ஒப்பமிட்டார்கள். அந்த ஆவணம் கோட்டை ஷையோக் கரையின் சலுங்கா வரை கொண்டுவந்து, கோர் என்ற இடத்தைச் சொல்லி, அங்கிருந்து வடக்கே பனியாறுகளுக்கு என்று முடித்துவிடுகிறது. பனியாறுகளுக்குள் கோடு எப்படிப் போகும் என்று சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் 1984-ல் சியாச்சின் மோதல் முளைத்தது. 1949 முதல் 1971 வரை துர்துக் பாகிஸ்தான் வசம், அந்த நாட்டின் கடைக்கோடி ஊர்களில் ஒன்று. போக்தாங் இந்தியாவின் கடைக்கோடி. 1971 டிசம்பரில் நூப்ராவைச் சேர்ந்த மேஜர் செவாங் ரிஞ்சனின் தலைமையில் லடாக் சாரணர் படை ஷையோக் கரையோடு கீழிறங்கியது. 1948-ல், பதினேழு வயதில், நூப்ராவைக் காத்ததற்காக மகாவீர் சக்ரா பெற்றவர் அவர்; இந்த நடவடிக்கைக்காக அதே விருதை இரண்டாம் முறை பெற்றார். சலுங்கா, துர்துக், தியாக்‌ஷி, தாங் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்குப் போர்நிறுத்தம். படை எங்கே நின்றதோ அங்கே கோடும் நின்றது. கடைசி ஊர் என்ற பட்டம் போக்தாங்கிலிருந்து கிளம்பி துர்துக்கைத் தாண்டி தாங்குக்குப் போய்விட்டது. எதிர்ப்பக்கத்தில் அது பிரானு என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர்கள் எதுவும் நகரவில்லை. ஒரே ஊர் முதலில் ஒரு நாட்டுக்கும் பிறகு இன்னொரு நாட்டுக்கும் முறைவைத்துக் கடைக்கோடியாக இருந்திருக்கிறது.

இங்கே சர்ச்சை என்பதன் உள்விசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தப் போரில் இந்தியப் படை பஞ்சாபிலும் சிந்துப் பாலையிலும் பல ஆயிரம் சதுர கிலோமீட்டரைப் பிடித்தது. 1972 ஜூலை 2 அன்று கையெழுத்தான சிம்லா ஒப்பந்தப்படி அவை திருப்பித் தரப்பட்டன, ஏனென்றால் அங்கே இருந்தது இரு தரப்பும் ஏற்ற சர்வதேச எல்லை. ஜம்மு காஷ்மீரில் மட்டும் 1971 டிசம்பர் 17 நிலவரமே புதிய கட்டுப்பாட்டுக் கோடானது. அதனால் துர்துக் இந்தியாவிடம் தங்கியது. ஜம்முவை ஒட்டிய சம்ப் பகுதி பாகிஸ்தானிடம் தங்கியது. சர்ச்சை இல்லாத மண்ணில் இருந்திருந்தால் துர்துக் பழைய பக்கத்துக்கே திரும்பியிருக்கும். சர்ச்சைக்குரிய மண் என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்: எல்லை என்று யாரும் ஒப்புக்கொள்ளாத இடத்தில், படை நின்ற இடமே எல்லைபோல இறுகிவிடுகிறது. எல்லை என்று ஒப்புக்கொண்ட இடத்தில் வாசல் வைப்பார்கள். வாகாவில் வாசல் இருந்தது. ஒப்புக்கொள்ளாத இடத்தில் வாசல் வைத்தால் எல்லையை ஏற்றதாகிவிடுமோ என்ற பயம். ஆகவே சுவர் மட்டும் எழுகிறது.

அந்தச் சுவர் யாரை எந்தப் பக்கம் தள்ளியது என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. டிசம்பர் நடுவில் அந்தச் சில நாட்களில் யார் ஊரில் இருந்தார், யார் வெளியே போயிருந்தார் என்பது மட்டும்தான் கணக்கு. ஸ்கர்துவுக்கு வேலைக்குப் போனவர், லாகூரில் படித்துக்கொண்டிருந்தவர், கப்லு பக்கம் கட்டிக்கொடுத்த மகள் எல்லோரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். கணவன் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. கார்கில் அருகே அதே போரில் கைமாறிய ஹுந்தர்மானிலும் இதே கதைதான். பிரிந்தவர்கள் சட்டப்படி பார்த்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் ஒரு வழி இருந்தது. லேக்கு வந்து, தில்லி போய், விசா வாங்கி, வாகா வழியாக லாகூர், அங்கிருந்து இஸ்லாமாபாத், ஸ்கர்து, கப்லு என்று சுற்றி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, தாங்கிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஊரைச் சேரலாம். 2025 ஏப்ரலில் வாகாவின் இந்தியப் பக்கமான அட்டாரி சோதனைச்சாவடியும் மூடப்பட்டது. அந்தச் சுற்றுவழியும் அடைபட்டுவிட்டது.

இந்தச் சுவரில் ஒரு வாசல் வேண்டும் என்றால் எழும் முதல் மறுப்பு நடைமுறை சார்ந்தது: கைமாறியதால் ஊர் நன்றாகத்தானே இருக்கிறது, இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? மறுப்பில் பலம் உண்டு. பள்ளிக்கூடம், சாலை, மருத்துவ வசதி வந்திருக்கின்றன. 1989-ல் பால்டிகளுக்குப் பழங்குடியினர் தகுதி கிடைத்தது. 2010-ல் வெளியாட்களுக்கு ஊர் திறந்துவிடப்பட்ட பிறகு வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின; பக்வீட் அப்பமான கிஸிரும் பால்டி உணவுகளும் விலைக்குக் கிடைக்கும் பண்டமாயின. ஊர்க்காரர்கள் இந்தியக் குடிமக்களாக வாக்களிக்கிறார்கள், ராணுவத்திலும் சேர்கிறார்கள். இவற்றில் எதையும் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த வாதம் வேறொரு கேள்விக்கான பதில். எந்த நாட்டில் இருந்தால் நல்லது என்பதல்ல இங்கே கேள்வி. எந்த நாட்டில் இருந்தாலும் கூடப்பிறந்தவரைப் பார்க்க முடியுமா என்பதுதான். சாலை போட்டுக்கொடுத்தது சொந்தத்தை வெட்டியதற்கு ஈடாகாது, இரண்டும் ஒரே தராசில் வைக்கிற சரக்கே அல்ல. தவிர, வெளியார் உதவி வந்துதான் ஊர் பிழைத்தது என்ற படமும் அரைகுறை. துர்துக்கில் நங்சுங் என்ற கல் அறைகள் உண்டு. பாறைச் சரிவின் மேல் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டுவார்கள். பாறை இடுக்குகளிலிருந்து கசியும் குளிர்காற்று கல் இடைவெளிகளின் வழியே உள்ளே வரும். வெளியே கோடை வெயில் அடிக்கும்போது குனிந்து உள்ளே கைநீட்டினால் விரல் சில்லிடும். வெண்ணெயும் இறைச்சியும் அங்கே கெடாமல் இருக்கும், மின்சாரம் வேண்டாம். இப்படி வாழத் தெரிந்த ஊருக்குக் குறைபட்டது சாமர்த்தியம் இல்லை, ஆற்றோடு கீழே இறங்கும் வழிதான்.

இரண்டாவது மறுப்பு கனமானது: பாதுகாப்பு. 1999 கார்கில் போரின்போது துர்துக் மலைகளிலும் ஊடுருவல் நடந்தது. அந்த ஜூனில் பதினெட்டாயிரம் அடி உயரத்தில் உயிரிழந்த ராஜபுதன ரைஃபிள்ஸ் படையின் கேப்டன் ஹனீஃப் உத்தீனின் பெயரைத்தான் இன்று அந்தப் போர்முனையின் ஒரு துணைப்பகுதி தாங்கி நிற்கிறது. பக்கத்திலேயே சியாச்சின். இப்படிப்பட்ட இடத்தில் வாசல் திறப்பது அறிவீனமல்லவா? இதற்கு ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்றைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். 2005 ஏப்ரல் 7 அன்று ஸ்ரீநகருக்கும் முசாஃபராபாத்துக்கும் இடையே பேருந்து ஓடத் தொடங்கியது. பயணிகளுக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை, சரிபார்த்த அனுமதிச்சீட்டு போதும். பாஸ்போர்ட் கேட்டால் அது எல்லையை ஏற்பதாகும், சீட்டு கேட்டால் ஆகாது. இரு அரசுகளும் தத்தம் வாதத்தை விட்டுக்கொடுக்காமல் மனிதர்களை மட்டும் போகவிட்ட ஏற்பாடு அது. 2008-ல் சரக்கும் போனது. 2019 ஏப்ரலில் ஆயுதமும் போதைப்பொருளும் கள்ளநோட்டும் இந்த வழியில் வருகின்றன என்று சொல்லி இந்தியா சரக்குப் போக்குவரத்தை நிறுத்தியது, பேருந்தும் நின்றுபோனது. இந்த அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. லாரிகளுக்கான வாசலில் கள்ளச்சரக்கு புகும் என்பது ஒன்று. மனிதர்களுக்கான வாசலைப் பல ஆண்டுகள் நடத்த முடிந்தது என்பது இன்னொன்று. முதல் பாடத்தைச் சொல்லி இரண்டாவதை மறைக்கக் கூடாது. ஷையோக் கரையில் கேட்கப்படுவது சந்தை இல்லை. ஆண்டில் சில நாட்கள், இருபுறமும் பெயர் சரிபார்க்கப்பட்ட முதியவர்கள், ஆற்றோரம் ஒரு கூடாரத்தில் சந்திக்கிற அளவுதான். 1999-ல் ஊடுருவலுக்கு உதவினார்கள் என்ற பேரில் இந்த வட்டாரத்து ஆட்கள் சிலர் கைதானபோது, அக்கரையில் சொந்தம் இருப்பதே சந்தேகத்துக்கு விதையானது. ஒளிவுமறைவில்லாத சந்திப்பு இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கும் இடம் குறையும்.

மூன்றாவதாக, பழைய பள்ளத்தாக்கைப் பொற்காலமாக்குகிறீர்கள் என்று சொல்லலாம். உண்மை, அது பொற்காலமில்லை. ராஜாக்களின் வரி இருந்தது, டோக்ரா காலத்தில் கூலியில்லாமல் சுமை தூக்க வைக்கும் பேகார் இருந்தது. வழி திறந்திருந்தது என்பதற்காக வாழ்க்கை இனித்தது என்று அர்த்தமில்லை. ஆனால் பழைய ஆட்சி கொடியது என்பதால் பழைய வழி தேவையற்றது என்று ஆகிவிடாது. காலம் மாறிவிட்டது, கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்களே என்றும் சிலர் கேட்பார்கள். பேசுகிறார்கள்தான். துக்கத்துக்குப் போவதும் பாடை தூக்குவதும் பேரனை மடியில் வைத்துக்கொள்வதும் கைப்பேசியில் முடிகிற காரியங்களா?

எஞ்சி நிற்பது இறையாண்மை வாதம்: வாசல் திறந்தால் உரிமைக் கோரல் வலுவிழக்கும். எதிர்மாறாக, இரு அரசுகளின் கோரலையும் அவை சொல்கிறபடியே எடுத்துக்கொண்டால்தான் இந்தச் சுவரின் விந்தை முழுதாகத் தெரியும். 2019 நவம்பரில் இந்தியா வெளியிட்ட வரைபடத்தில் கில்கித்தும் பால்டிஸ்தானும் லடாக் ஒன்றியப் பிரதேசத்துக்குள் இருக்கின்றன. அந்தப் படத்தை நம்பினால் துர்துக் கடைசி ஊருமில்லை, முதல் ஊருமில்லை. லடாக்கின் உள்ளே, கப்லுவுக்குப் போகும் வழியில் இருக்கும் சாதாரண ஊர். பாகிஸ்தான் தரப்பின் வாதத்திலும் துர்துக்கும் பிரானுவும் தீராத ஒரே வழக்கைச் சேர்ந்த ஒரே நிலம். எல்லாவற்றிலும் முரண்படும் இரண்டு அரசுகளும் இந்தப் பள்ளத்தாக்கு ஒன்று என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன. காகிதத்தில் இரு தரப்பும் ஒன்றாக வைத்திருப்பதை மண்ணில் இரு தரப்பும் பிரித்து வைத்திருக்கின்றன. சிம்லா ஒப்பந்தமும் கட்டுப்பாட்டுக் கோட்டை மதிக்கச் சொன்னபோது, இரு தரப்பின் நிலைப்பாட்டுக்கும் அதனால் பங்கம் இல்லை என்று சேர்த்தே எழுதியது. வழக்கை ஒத்திவைத்து வாழ்க்கையை நடத்தலாம் என்ற வழி அந்த வரியிலேயே இருந்தது. பஹல்காம் படுகொலைக்குப் பின் உறவு முறிந்து, 2025 ஏப்ரலில் சிம்லா உட்பட இருதரப்பு ஒப்பந்தங்களை நிறுத்திவைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பாகிஸ்தான் அறிவித்திருக்கும் இந்த நேரத்தில், இப்படிப் பேசுவது காலம் தெரியாமல் பேசுவதாகத் தோன்றலாம். இன்றோ நாளையோ நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 1971-ல் பிரிந்தவர்களில் நினைவு தெரிந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். நல்ல நேரம் வரட்டும் என்று அரசுகள் காத்திருக்கலாம், அவர்களால் முடியாது.

அண்மை ஆண்டுகளில் தாங் வரைக்கும் சுற்றுலாக்காரர்கள் போக முடிகிறது. அங்கே பைனாகுலர் வழியாக எதிர்ச்சரிவைக் காட்டுவார்கள். பிரானுவின் வீடுகளும் வயல்களும் மரங்களும் தெரியும். துர்துக்கின் வீடுகள், வயல்கள், மரங்கள் போலவே தெரியும். எதிரி நாட்டைப் பார்த்துவிட்டோம் என்று படமெடுத்துக்கொண்டு எல்லோரும் வண்டியைத் திருப்புகிறார்கள். ஆறு மட்டும் திரும்புவதில்லை. சாலையோரக் கல்லில் முன்னால் உள்ள ஊரின் பெயரும் தொலைவும் எழுதியிருந்தால் அது நடுவழி ஊர். துர்துக்குக்குக் கடைசி என்றோ முதல் என்றோ பட்டம் வேண்டாம். கப்லு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய ஒரு மைல்கல் போதும்.